மாமன் மடி

மாமா,

கீழ்வீட்டுப் பிள்ளைகள் இரண்டும் என் ஹாலில் உட்கார்ந்து கார்ட்டூன் படம் பார்க்கின்றன. அவர்களுடைய அப்பாவுக்கு போர்ட் கிள்ளானில் ஷிப்ட் வேலை, அம்மாவுக்கும் வேலை. பள்ளி விடுமுறை என்றால் பிள்ளைகள் என்னிடம்தான். எனக்கு எண்பது தாண்டிவிட்டது, ஆனாலும் இதுகளுக்கு நான் 'ஆன்டி'. படத்தில் ஊரை மிரட்டுகிற ஒரு கெட்டவன். அவன் வீட்டுக்குள் எப்படியோ சில பிள்ளைகள் வந்துவிட்டன. அவன் முறைக்கிறான், பிள்ளைகள் பயப்படமாட்டேன் என்கின்றன. அதற்குத்தான் இத்தனை சிரிப்பு. கீழ்வீட்டுச் சின்னவள் மரவள்ளிக் கிழங்கு வறுவல் பாக்கெட்டைப் பிரித்தாள். அந்த வாடை வந்ததும் நான் எழுந்து அடுப்படிக்கு வந்துவிட்டேன்.

"ஆன்டி, ஏன் சிரிக்கல? காமெடி லா இது," என்றாள் என் பின்னாலேயே வந்து.

சிரித்தால் பல் செட் கழன்று விழும் என்றேன். அதற்கும் சிரித்துவிட்டு ஓடினாள். நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எழுதி எங்கே அனுப்புவது என்பதும் எனக்குத் தெரியாது. இருந்தாலும் எழுதுகிறேன், யார் கேட்கப் போகிறார்கள்.

பிரிக்பீல்ட்ஸில் உங்கள் மாட்டுவண்டிக் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது புடவைக் கடை. போன தீபாவளிக்கு அதன் வாசலில் நின்று, மாடுகளை எங்கே கட்டினார்கள், எங்கள் அறை எங்கே என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிடிபடவில்லை. உள்ளே வாங்கம்மா என்று கடைப் பையன் கூப்பிட்டான். வந்துவிட்டேன்.

ஜப்பான்காரன் காலத்தில் பெட்ரோல் கிடையாது. ஓடுகிற லோரிகள் எல்லாம் பட்டாளத்துக்கு. அதனால் உங்கள் வண்டிகளுக்கு ஒரே கிராக்கி, உங்களுக்கு அதைவிடத் தலைக்கனம். உப்பைப் பதுக்கினீர்கள், தேங்காயெண்ணெயைப் பதுக்கினீர்கள். பிரம்பு நுனியில் ஆணி வைத்து மாட்டைக் குத்தினீர்கள். வண்டி தாமதமாக வந்தால் வண்டிக்காரன் கன்னத்தில் அறைவீர்கள். என் அப்பாவையும் அறைந்திருக்கிறீர்கள், நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா உங்களிடம் வண்டி ஓட்டினார், கொட்டகைக்குப் பின்னால் இருந்த அறையில் நாங்கள் குடியிருந்தோம். உங்களைத் தெருப் பிள்ளைகள் 'கொள்ளிக்கண்ணு' என்பார்கள். நீங்கள் வருவது தெரிந்தால் கோலிக்குண்டுகளை அப்படியே போட்டுவிட்டு ஓடுவோம். நீங்கள் அதையும் பொறுக்கி மடியில் கட்டிக்கொள்வீர்கள். பெரிய மனிதர் செய்கிற வேலையா அது?

தங்கச்சி பாக்கியம் பிறந்த கொஞ்ச நாளில் அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். பாக்கியத்துக்கு நாலு வயது நடக்கும்போது அப்பாவும் போனார். இனாமாகப் படம் காட்டுகிறார்கள் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனார்கள். அப்பா சட்டை மாற்றிக்கொண்டு போனார். படம் முடிந்து வெளியே வந்த ஆண்களை வாசலில் நின்ற லோரிகளில் ஏற்றினார்கள். சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரனுக்கு ஆள் வேண்டுமாம். யாருக்குக் குடும்பம் இருக்கிறது, யாருக்கு இல்லை என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. அப்பா வரவில்லை என்று மணியண்ணன் சொன்னான். அவனுக்குப் பதினாலு வயது, எனக்கு ஒன்பது. நான் சரி என்றேன். அழ வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அன்றிலிருந்தே எனக்கு அப்படித்தான்.

மறுநாள் காலை நீங்கள் அறை வாசலில் வந்து நின்றீர்கள். வண்டிக்காரன் இல்லை, அப்புறம் வண்டிக்காரன் அறையில் உங்களுக்கு என்ன வேலை, பொழுது சாய்வதற்குள் காலி பண்ணுங்கள் என்றீர்கள். அண்ணன் பாயைச் சுருட்டினான். போக இடமில்லை என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும், பாக்கியத்துக்குக்கூட.

அன்றைக்கே உங்களுக்கும் பயம் வந்துவிட்டது. ஆள் பிடிக்கப் பேர் எழுதுகிற கிராணி உங்கள் கூட்டாளி, எண்ணெய் வாங்க வருகிறவர். இனிமேல் கண்டபடி வளைத்துப் பிடிக்கமாட்டார்கள், வீடு வீடாக எடுப்பார்கள், முதலில் எடுப்பது தனிக்கட்டைகளைத்தான் என்று உங்கள் காதில் போட்டுவிட்டுப் போனார். நீங்கள் தனிக்கட்டை. பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை, உங்களுக்காக ஒரு குரல் கொடுக்க நாதி இல்லை. மத்தியானம் திரும்பி வந்தீர்கள், கையில் ஒரு சிரட்டை அரிசியோடு.

"எங்கயும் போக வேணாம். யாராச்சும் கேட்டா, நான் உங்கம்மா கூடப் பொறந்தவன். தாய்மாமன். வெளங்குதா?"

அப்பாவுக்கு அண்ணன் தம்பி கிடையாது என்பது கொட்டகையில் எல்லாருக்கும் தெரியும். அம்மா டெங்கில் ஊருக்குப் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவள், அவள் ஆட்கள் யார் என்று பிரிக்பீல்ட்ஸில் ஒருவருக்கும் தெரியாது. நீங்கள் யோசித்துத்தான் தாய்மாமன் ஆனீர்கள். எங்கள் மேல் இரக்கப்பட்டதாக நான் இன்றைக்கும் சொல்லமாட்டேன். அரிசியைப் பார்த்தோம், மாமா என்று கூப்பிட்டோம். எங்களுக்கும் உங்கள் மேல் பாசம் பொங்கவில்லை.

கிராணி விசாரிக்க வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? எங்கள் தலையில் எண்ணெய் வழிய வழிய வைத்து வரிசையாக நிறுத்தினீர்கள். கிராணி பாக்கியத்தைப் பார்த்து, இது யாரு பாப்பா என்று உங்களைக் காட்டிக் கேட்டார். நீங்கள் அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டினீர்கள். உங்கள் பல்லை நாங்கள் பார்த்ததே அன்றைக்குத்தான்.

"மாமா. கெட்ட மாமா. மாட்ட ஆணியால குத்தும்," என்றாள்.

உங்கள் முகம் வெளிறிப்போனது. கிராணியோ தொடையைத் தட்டிச் சிரித்தார். உன்னை இப்படி மூஞ்சிக்கு நேரே பேச உன் சொந்த ரத்தத்தால்தான் முடியும், வேறு எவனுக்குத் தைரியம் வரும் என்று சொல்லிவிட்டு, எண்ணெய் வாங்கிக்கொண்டு போனார். நீங்கள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள்.

அன்றோடு பாக்கியத்துக்குக் குளிர் விட்டுப்போயிற்று. மாட்டை அடித்தால் சாப்பிடமாட்டேன் என்று வாயை இறுக்க மூடிக்கொள்வாள். கிராணி எப்போது வருவாரோ, பிள்ளை எலும்பும் தோலுமாக இருந்தால் என்ன நினைப்பாரோ என்று உங்களுக்குப் பயம். மாட்டைக் கொட்டகைக்குப் பின்னால் ஓட்டிக்கொண்டு போய் அடித்தீர்கள். அவள் அங்கேயும் வந்தாள். பிறகு தெருமுனைக்குப் போனீர்கள், அங்கேயும் வந்தாள். கடைசியில் பிரம்பிலிருந்த ஆணியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, இப்ப திங்கிறியாடி மகாராணி என்று கத்தினீர்கள். அவள் மரவள்ளிக் கிழங்கை வாங்கி, ஒரு வாய் தின்றுவிட்டு, மிச்சத்தை மாட்டுக்குக் கொடுத்தாள். நீங்கள் தலையில் அடித்துக்கொண்டீர்கள்.

பேன் பார்த்தது எனக்கு மறக்காது. எங்கள் இரண்டு பேர் தலையிலும் பேன் மண்டியிருந்தது. அது உங்கள் தலைக்கும் ஏறியது. ஊரை நடுங்க வைத்த மனிதர், வேப்பெண்ணெய் தடவிய தலையோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்க, நான் பின்னால் நின்று ஈர்கோலியால் இழுத்தேன். வண்டி கேட்டு வந்த ஒரு ஆள் பார்த்துவிட்டு, வந்த வேலையைச் சொல்லாமலே திரும்பிப் போனான். அவனை அடிக்க எழுந்தீர்கள். ஈர்கோலி முடியில் சிக்கியிருந்தது, வலி தாங்காமல் உட்கார்ந்துவிட்டீர்கள். இதையெல்லாம் சொன்னால் கீழ்வீட்டுப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். நான் அன்றைக்குச் சிரித்தேனா என்று எனக்கே தெரியவில்லை.

ஊர் வாயை மூட முடியவில்லை. அடுத்த வரிசையில் இருந்த சோலையம்மாக்கா, அம்மா சாகும்போது பக்கத்தில் இருந்தவர். தண்ணீர்க் குழாயடியில் அத்தனை பேர் முன்னால் உங்களைப் பிடித்துக்கொண்டார்.

"கூடப் பொறந்தவன்னு சொல்றியே, அவ செத்தப்ப கோடி போட ஏன் வரல? இதே தெருவுலதானே இருந்த?"

கூடப் பிறந்தவள் செத்தால் கோடித்துணி போடாதவன் உண்டா? சண்டை, பேச்சுவார்த்தை இல்லை என்று ஏதோ முனகினீர்கள். சரி, போனது போகட்டும், இந்தச் சின்னதுக்கு இன்னும் காது குத்தவில்லை, நீ மாமன் என்றால் ஊர் பார்க்க உன் மடியில் உட்கார வைத்துக் குத்து, நான் நம்புகிறேன் என்றார் அக்கா. இந்தப் பேச்சு கிராணி காதுக்குப் போனால் உங்களுக்கு சயாம்தான். அது உங்களுக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். குத்திட்டாப் போச்சு என்றீர்கள், ஏதோ மாட்டுக்கு லாடம் அடிக்கிற மாதிரி.

கோயில் வாசலில் வைத்தோம். கிராணியை நீங்களே போய் அழைத்து வந்தீர்கள், சாட்சிக்கு. அந்தக் காலத்தில் தங்கத்துக்கு எங்கே போவது? குத்தின ஓட்டையில் வேப்பங்குச்சி செருகுவதாகப் பேச்சு. பாக்கியத்துக்குச் சட்டை என்று மாவு மூட்டைத் துணியில் அக்கா ஒன்று தைத்துக் கொடுத்தார். நீங்கள் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தீர்கள். பிள்ளையை மடியில் எப்படி வைத்துக்கொள்வது என்று உங்களுக்குத் தெரியவில்லை. அரிசி மூட்டையைப் பிடிக்கிற மாதிரி இரண்டு பக்கமும் கட்டிப் பிடித்தீர்கள். ஆசாரி ஊசியை எடுத்ததும் பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டீர்கள். மொதுவா, மொதுவாப்பா என்று ஆசாரியிடம் கெஞ்சினீர்கள். ஊசி இறங்கும்போது கண்ணை மூடிக்கொண்டு நீங்கள்தான் ஐயோ என்று கத்தினீர்கள். பாக்கியம் அழவேயில்லை. திரும்பி, தன் கையால் உங்கள் கண்ணைத் துடைத்து, வலிக்கல மாமா என்றாள்.

தெருவே சிரித்தது. படத்துக்குப் போனவர்கள் வராத நாளிலிருந்து அந்தத் தெருவில் அப்படிச் சிரிப்பு கேட்டதில்லை. நீங்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து, போதுமா என்று சோலையம்மாக்காவைக் கேட்டீர்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"மடியில வச்சுட்ட. இனிமே நீ இல்லன்னு சொன்னாலும் நீதான் மாமன்."

நீங்கள் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. கிராணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கிராணி தலையாட்டினார். உங்களுக்கு அது போதும். ஆனால் அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அந்தக் காதுக்கு மஞ்சளும் எண்ணெயும் போட்டீர்கள். கிராணி பார்க்காத நேரத்தில் அதைச் செய்ய வேண்டிய அவசியம் என்ன? பதுக்கின உப்பை பாக்கியம் சிரட்டையில் அள்ளிக்கொண்டு போய்ச் சோலையம்மாக்கா வீட்டில் கொடுத்ததைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தீர்கள். அண்ணனுக்கு வண்டி ஓட்டக் கொடுத்தீர்கள். என்னிடம் அதிகம் பேசமாட்டீர்கள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன், உங்களுக்கு என்னைப் பார்த்தால் கொஞ்சம் பயம் என்று நினைக்கிறேன்.

அப்புறம் கிராணி வந்தார். மழைக்காலம் ஆரம்பித்திருந்தது. நான் வாசலில் மரவள்ளிக் கிழங்கைக் கழுவிக்கொண்டிருந்தேன், நீங்கள் நுகத்தடிக்குக் கயிறு சுற்றிக்கொண்டிருந்தீர்கள். அண்ணன் வண்டியோடு பாசாருக்குப் போயிருந்தான். கிராணி உட்காரவில்லை. சயாமிலிருந்து மறுபடி ஆள் கேட்கிறார்கள், இந்தத் தடவை வீட்டுக்கு ஒரு ஆண்பிள்ளை, தட்டிக் கழிக்க முடியாது என்றார். உங்கள் மேல் அவருக்கு நல்ல எண்ணம்தான். நல்லது சொல்கிற குரலில்தான் சொன்னார்.

"நீ குடும்பஸ்தன், நீ நில்லு. மருமவன அனுப்பு. நல்லா வளந்துட்டானே."

எனக்கு எல்லாம் புரிந்தது. நீங்கள் எங்களை வைத்துக்கொண்டதே இந்த நாளுக்காகத்தான். வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும், அண்ணன் போவான், நீங்கள் இருப்பீர்கள். இவன் என் சொந்தம் இல்லை என்று நீங்கள் உண்மையைச் சொன்னாலும் அநாதைப் பையனாக அவனைத்தான் ஏற்றுவார்கள். நான் கிழங்கைக் கழுவிக்கொண்டே இருந்தேன். எழுந்து வந்து உங்கள் காலைப் பிடித்திருக்கலாம். உடம்பு அசையவில்லை.

பையனுக்கு இன்னும் பதினைந்தே ஆகவில்லை என்றீர்கள். உயரம் இருந்தால் போதும் என்றார் கிராணி. நீங்கள் கயிற்றைச் சுற்றி முடித்தீர்கள். பல்லால் கடித்து முடிச்சை இறுக்கினீர்கள். பிறகு தலை நிமிராமலே சொன்னீர்கள்.

"மாமன் நான் இருக்கறப்ப பையன் எதுக்கு? என்னைய எழுதிக்க."

கிராணி உங்களுக்குப் பைத்தியமா என்றார். அங்கிருந்து யாரும் வரவில்லை, தெரியுமல்லவா என்றார். தெரியும் என்றீர்கள். என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தீர்களோ என்னவோ. கிழங்கு வேக வச்சியா என்று கேட்டீர்கள். இன்னும் இல்லை என்றேன். நாம் இரண்டு பேரும் அன்றைக்குப் பேசினது அவ்வளவுதான்.

அண்ணன் திரும்பி வந்து விஷயம் தெரிந்ததும் குதித்தான். நான்தான் போவேன் என்றான். ஒரு அறை விட்டீர்கள், பழைய மாதிரி. அதற்கப்புறம் எந்த மாட்டுக்குக் கால் நொண்டும், எதற்குத் தண்ணீர் முதலில் காட்ட வேண்டும் என்று அவனிடம் சொல்ல ஆரம்பித்துவிட்டீர்கள். சோலையம்மாக்காவை வரவழைத்து எங்கள் அறைக்கே குடிவரச் சொன்னீர்கள். அக்கா உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டார். வேண்டாத வேலை, கைய எறக்குக்கா என்று எரிந்து விழுந்தீர்கள்.

லோரி காலையில் வந்தது. உங்களோடு இன்னும் நிறையப் பேர் ஏறினார்கள். பாக்கியத்துக்குத் தலை பின்னிவிட்டீர்கள், ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே. எப்ப வருவ என்று கேட்டாள். போனாத்தான வர முடியும், மொதல்ல போக விடு என்றீர்கள். அண்ணன் லோரிக்குப் பின்னாலேயே ஓடினான். பாக்கியம் அழுதாள். தெருவில் எல்லாரும் அழுதார்கள். நான் நின்றேன். நீங்கள் லோரியின் பின்கட்டையைப் பிடித்துக்கொண்டு எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். லோரி திரும்பியதும் நான் உள்ளே போய் அடுப்பை மூட்டினேன். உங்கள் பங்குக்கும் சேர்த்துக் கிழங்கு போட்டுவிட்டேன். மீந்ததை மாட்டுக்கு வைத்தோம்.

ஜப்பான்காரன் போய், வெள்ளைக்காரன் திரும்பி வந்த பிறகு, சயாமிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று சொன்னார்கள். ஸ்டேஷனுக்குப் போவோம், நாங்கள் மூன்று பேரும். அப்பாவையும் தேடினோம், உங்களையும் தேடினோம். ரயிலிலிருந்து இறங்கினவர்களைப் பார்த்தால் யார் என்று அடையாளமே தெரியாது. கால் நிறையப் புண், கண் உள்ளே போயிருக்கும். அண்ணன் ஒவ்வொருவர் முகத்துக்குக் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு வருவான். அப்பாவைப் பற்றிச் சொல்ல ஒருவரும் இல்லை. உங்களைப் பற்றிச் சொல்ல ஒருவர் இருந்தார். கிள்ளான் பக்கத்து எஸ்டேட் ஆள், கம்பு ஊன்றி நின்றார். பிரிக்பீல்ட்ஸ் மாட்டுக் கொட்டகை என்று அண்ணன் சொன்னதும் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

காலராவில் போய்விட்டீர்கள் என்றார். அதைச் சுற்றி வளைக்காமல் சொன்னார், அது நல்லதாகப் போயிற்று. வாயாடி மனிதர் என்றார். உங்களையா சொல்கிறார் என்று எனக்குச் சந்தேகம் வந்தது. கூடப் பிறந்தவள் பிள்ளைகள், கூடப் பிறந்தவள் பிள்ளைகள் என்று எங்கள் காதைத் தின்றுவிட்டார், சின்னப் பிள்ளைக்குக் காது குத்தின கதையைக் கேட்காத ஆள் அந்த கேம்ப்பில் கிடையாது, அதில் அவர் அழுத இடம் வந்தால் நாங்கள் எல்லாம் சிரிப்போம், அவரும் சிரிப்பார் என்றார். பாக்கியம் தன் காதைத் தொட்டுக் காட்டினாள். அந்த ஆள் குனிந்து பார்த்தார்.

பிறகு, சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டார்.

"உங்கம்மாவுக்கு அவர் அண்ணனா, தம்பியா?"

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். உங்கள் வயது எங்களுக்குத் தெரியாது. எந்த ஊரில் பிறந்தீர்கள், உங்களுக்கு உண்மையில் ஒரு தங்கை இருந்தாளா, எதையும் நாங்கள் கேட்டதில்லை. கிராணியைப் பார்த்து ஒரு பொய் சொன்னோம், அதற்குமேல் அந்தப் பொய்யை யோசிக்கவில்லை.

"அண்ணன்," என்றாள் பாக்கியம். அம்மாவின் முகம்கூட அவளுக்குத் தெரியாது.

அந்த ஆள் சரி என்று தலையாட்டிவிட்டுக் கம்பை ஊன்றிக்கொண்டு போனார். நாங்கள் வீட்டுக்கு நடந்தோம். எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை.

மணியண்ணன் போய்விட்டான், பாக்கியமும் போன வருஷம் போய்விட்டாள். இரண்டு சாவிலும் நின்றேன், செய்ய வேண்டியதைச் செய்தேன். இவளுக்கு நெஞ்சு கல் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. பேசட்டும். கல்லா, வேறு என்னவா என்று எனக்கே தெரியாது.

படம் முடிந்துவிட்டது. பிள்ளைகள் பசிக்கிறது என்று வந்து நிற்கின்றன. யாருக்கு லெட்டர் எழுதுறீங்க ஆன்டி என்று சின்னவள் கேட்டாள். எங்க மாமாவுக்கு என்றேன். எந்த மாமா என்றாள், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாரும் அங்கிள்தானே.

"எங்கம்மாவுக்கு மூத்த அண்ணன்," என்றேன்.